கருப்பர் நகரத்து மேசைப்போர்: புளியந்தோப்பிலிருந்து கோட்டை வரை

சென்னையில் பேசின் பாலத்து ரயில் தண்டவாளங்களுக்கும் ஓட்டேரி நல்லாவுக்கும் இடையே நெருக்கமாகக் குடியமர்ந்திருக்கும் புளியந்தோப்பு, ஆட்டுத்தொட்டியாலும், பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையின் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தாலும், தெருமுனை தோறும் நடக்கும் கேரம் ஆட்டத்தாலும் அறியப்படும் பகுதியே அன்றி, போர்க்கள வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படும் பகுதி அன்று. ஆயினும் 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட நிகழ்வின் முதன்மையான இடங்களில் பெரும்பாலானவை, புளியந்தோப்பிலிருந்து புறப்படும் ஒருவர் ஒரே பகலில் நடந்து பார்த்துவிடக்கூடிய வட்டத்துக்குள் அடங்குகின்றன. அந்த முற்றுகையைச் சிற்றுருவப் படைகளைக் கொண்டு மேசைமேல் மீண்டும் நடத்திப் பார்க்க விரும்புபவருக்கு இந்த நடைப்பயணம் இன்றியமையாதது. ஏனெனில் ஏட்டில் கிடைக்கும் படைப் பட்டியல்கள் எத்தனை துல்லியமாக இருந்தாலும், தெருவின் அகலத்தையும் வெளியின் நீளத்தையும் காலால் அளந்து பார்க்காதவர் அமைக்கும் போர்க்களம் வெறும் பச்சைத் துணியாகவே நின்றுவிடும்.

மேசைப்போர் என்பது உண்மையில் நடந்த ஒரு போரை, அதன் நிலத்தையும் படைகளையும் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி மேசைமேல் அமைத்து, இரு தரப்புக்கும் ஆட்டக்காரர்களை நிறுத்தி, விதிகளுக்கும் பகடைக்கும் கட்டுப்பட்டு மறுபடியும் நடத்திப் பார்க்கும் முறையாகும். இதன் நவீன வடிவம் பிரஷ்யாவில் தோன்றியது: ரெய்ஸ்விட்ஸ் என்பவர் 1812இல் பிரஷ்ய மன்னருக்குச் செய்து காட்டிய போர் ஆட்டத்தை, அவருடைய மகன் 1824இல் திருத்தி, 1:8000 அளவுள்ள வரைபடத்தின்மேல் ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிட நேரத்தைக் குறிக்கும்படி அமைத்தார். இரு தரப்பும் ஒன்றையொன்று முழுதாகப் பார்க்க இயலாதபடி, கட்டளைகளை எழுத்தில் வாங்கி, எவர் எதைக் காண்கிறார் என்று தீர்மானிக்கும் நடுவர் ஒருவரை இடையில் நிறுத்தியது அந்த ஆட்டத்தின் பெரும் சாதனை. படை அதிகாரிகளின் பயிற்சியாக இருந்த இதனைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக மாற்றியவர்களுள் முதன்மையானவர், 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை வெளியிட்ட ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ்; அவருடைய ஆட்டத்தில் பகடைக்குப் பதிலாக, சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கிகள் மரத்துண்டுகளை எறிந்து ஈயச் சிப்பாய்களைச் சாய்த்தன.

தமிழ் நாட்டாருக்கு இந்தச் சிந்தனை அயலானது அன்று. சதுரங்கத்தில் இரு தரப்பும் சம வலிமையோடு தொடங்குகின்றன. ஆனால் திண்ணைகளிலும் கோயில் மண்டபத் தளங்களிலும் கோடு கீறி ஆடப்படும் ஆடுபுலி ஆட்டத்தில், மூன்று புலிகள் ஆடுகளைத் தாண்டி வெட்டுவதும், பதினைந்து ஆடுகள் புலிகளை நகரவிடாமல் சூழ்ந்து அடைப்பதும் என்று இரு தரப்புக்கும் வலிமையும் நோக்கமும் வேறுபடுகின்றன. முற்றுகைப் போரை ஆட்டமாக வடிப்பவர் சதுரங்கத்தை மறந்து ஆடுபுலியை நினைவில் கொள்வது நல்லது. கோட்டைக்குள் இருப்பவர் வெல்ல வேண்டியதில்லை, காலம் தாழ்த்தினால் போதும், வெளியே இருப்பவருக்கோ ஒவ்வொரு நாளும் கையிருப்புக் கரைகிறது.

லாலியின் நிலை அத்தகையதே. 1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரி வந்து இறங்கிய அவர், கடலூரையும், ஜூன் தொடக்கத்தில் அதன் அருகிலிருந்த செயின்ட் டேவிட் கோட்டையையும் விரைவாகக் கைப்பற்றினார். ஆனால் பணத்துக்காகத் தஞ்சாவூர்மேல் படையெடுத்துத் தோற்றுத் திரும்பினார். சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் ஆள் கிடைக்காதபோது, ஊராரைச் சாதி வேறுபாடு பாராமல் பிடித்து வேலை வாங்கியதால் அவர்மேல் மக்களின் வெறுப்பும் சேர்ந்தது. தக்காணத்தில் பிரெஞ்சுச் செல்வாக்கை நிலைநாட்டியிருந்த புஸ்ஸியை அவர் திரும்ப அழைத்துக்கொண்டார். அந்த இருவருக்கும் இடையே தொடக்கம் முதலே நல்லுறவு இல்லை. இவ்வளவு தளர்ச்சிகளோடுதான் டிசம்பர் நடுவில் ஏறத்தாழ மூவாயிரம் ஐரோப்பியப் படையினரும் பெருந்தொகையான இந்தியச் சிப்பாய்களும் சென்னையை நெருங்கினர். கோட்டையில் ஆளுநர் ஜார்ஜ் பிகாட்டின் கீழ், படைத்தலைவர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ், ஏறத்தாழ 1,750 ஐரோப்பியரையும் 2,200 சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பு இந்த ஆண்டுகளையும் உள்ளடக்கியது என்பதால், பிரெஞ்சுத் தரப்பின் பணமுடையையும் உட்பகையையும் தமிழிலேயே படித்தறியும் வாய்ப்பு இங்குள்ள ஆட்டக்காரருக்கு உண்டு. ஐரோப்பாவில் இதே போரை மேசையில் விரிப்பவருக்கு அந்த நெருக்கம் வாய்ப்பதில்லை.

புளியந்தோப்பிலிருந்து மேற்கே ஓட்டேரியைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றால் கொசப்பேட்டை வருகிறது. விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் சென்னைக்கு மண்ணுருவங்கள் அளித்துவந்த குயவர் குடியிருப்பு இது. இங்கு ஒரு கொலு பொம்மை உருவாகும் வழியைக் கூர்ந்து பார்ப்பது பயனுடையது: இரு பாதியாக அமைந்த அச்சுக்குள் பிசைந்த களிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைத்து, இரு பாதிகளையும் சேர்த்து, பிதுங்கிய ஓரத்தைச் சீவி, நிழலில் உலர்த்திச் சுட்ட பின், முதலில் உருவம் முழுவதும் வெள்ளை பூசி, அதன்மேல் உடையின் நிறத்தை ஏற்றி, கண்ணையும் புருவத்தையும் கடைசியில் நுனித்தூரிகையால் எழுதுகிறார்கள். ஈயமும் தகரமும் கலந்த உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்க்கப்படும் போர்ச் சிற்றுருவங்களுக்கும் வரிசை ஏறத்தாழ இதுவேதான். அச்சு, ஓரம் சீவுதல், அடிப்பூச்சு, உடை நிறம், இறுதியாக முகம். கல்யாண செட், கிராம செட் என்று ஒரு நிகழ்ச்சிக்குரிய மாந்தர் அனைவரையும் ஒரே அளவில் செய்து பெட்டியில் அடுக்கும் பழக்கம் உடைய ஒரு கைத்தொழில் மரபுக்கு, 1758ஆம் ஆண்டின் சிப்பாய் வரிசையைச் செய்வது புதுமையாக இராது.

சிற்றுருவம் செய்வதில் அளவு விகிதம் முதல் சிக்கல். இன்று பரவலாக வழங்கும் உருவங்கள் 28 மில்லிமீட்டர் அல்லது 15 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. நிலத்தை ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர் என்று சுருக்கினால், 74 சென்டிமீட்டர் சதுரமான ஒரு கேரம் பலகையின் ஆடுபரப்பில் 740 மீட்டர் நிலம் அடங்கும். இரண்டு பலகைகளை நீளவாக்கில் சேர்த்துப் போட்டால் கோட்டையின் வடக்கு மதிலிலிருந்து, இந்தியர் குடியிருந்த கருப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், அடங்கிய முத்தியால்பேட்டையின் உட்பகுதி வரை வந்துவிடும். ஆனால் அந்த விகிதத்தில் 15 மில்லிமீட்டர் சிப்பாய், 15 மீட்டர் உயரமுள்ள பூதமாக வீட்டுக் கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்பான். ஆகவே நிலத்துக்கு ஓர் அளவும் உருவத்துக்கு வேறோர் அளவும் என்று இரண்டையும் ஒரே மேசையில் ஏற்றுக்கொள்வதும், ஓர் உருவம் இருபது பேரைக் குறிக்கும் என்று ஒப்புக்கொள்வதும் வழக்கமாயிற்று. அந்தக் கணக்கில் கோட்டையின் ஐரோப்பியப் படை முழுவதும் தொண்ணூறு உருவங்களுக்குள் அடங்கும். நூறு மீட்டருக்கு அப்பால் குறி தவறும் அக்கால மஸ்கெட் துப்பாக்கியின் வீச்சு, மேசையில் பத்து சென்டிமீட்டராகும்.

வண்ணம் தீட்டுவதிலும் இந்தப் போருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலப் படை சிவப்பு மேலங்கி அணிந்தது என்பது பொதுவாகத் தெரிந்தது. பிரெஞ்சுச் சேவையில் இருந்த ஐரிஷ் படைப்பிரிவுகளும் சிவப்பே அணிந்தன, லாலியின் பெயரால் வழங்கிய படைப்பிரிவு அவற்றுள் ஒன்று. அதனால் டிசம்பர் 14 அன்று கருப்பர் நகரத் தெருக்களில் பிரெஞ்சு உயர் அதிகாரியான தெஸ்தேங் பிரபு, எதிரே வந்த ஆங்கிலேயரைத் தம்மவர் என்று எண்ணி நெருங்கிச் சென்று சிறைப்பட்டார். மேசையைச் சுற்றி நிற்பவருக்கு வசதியாக ஒரு தரப்பை நீலமாகவும் மறு தரப்பைச் சிவப்பாகவும் தீட்டிவிடுபவர், அந்த நாளின் உண்மையான குழப்பத்தைத் தூரிகையாலேயே அழித்துவிடுகிறார்.

கொசப்பேட்டையிலிருந்து தெற்கே வேப்பேரி. இங்கே லுத்தரன் சமயப் பணி நடத்திக்கொண்டிருந்த ஜோஹன் பிலிப் பாப்ரிசியஸ், விவிலியத்தைத் தமிழாக்கம் செய்தவர் என்றும், 1779இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியின் ஆசிரியர் என்றும் தமிழுலகம் அறிந்தவர். லாலியின் படை நெருங்கியபோது பாப்ரிசியஸின் இல்லமும் தேவாலயமும் சூறையாடப்பட்டன. அவர் வடக்கே, அப்போது டச்சுக்காரர் வசம் இருந்த பழவேற்காட்டுக்குச் சென்று தங்க நேர்ந்தது. முற்றுகை வரலாறுகளில் இந்தச் செய்தி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆயினும் 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது அங்கிருந்து கைப்பற்றப்பட்ட அச்சு இயந்திரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, வேப்பேரியில் பாப்ரிசியஸின் பொறுப்பில் விடப்பட்டது என்பதையும், வேப்பேரி பின்னர் தமிழ் அச்சுத்தொழிலின் முக்கியமான இடங்களுள் ஒன்றாக வளர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் போர் தமிழுக்கு விட்டுச்சென்றவற்றுள் கோட்டை மதிலைவிட இதுவே பெரிது என்று கொள்ளத் தோன்றுகிறது.

வேப்பேரியிலிருந்து கிழக்கே திரும்பி யானைகவுனி வழியாக ஜார்ஜ் டவுனுக்குள் நுழையும்போது, மேசையமைப்பவர் கண்ணுக்குத் தெரிபவற்றுள் பெரும்பகுதியை மனத்துக்குள் நீக்கிக்கொண்டே நடக்க வேண்டும். வால்டாக்ஸ் சாலையோரமாக ஓடிய நகர மதில், ஹைதர் அலியின் படையெடுப்புகள் தந்த அச்சத்தால் 1769க்குப் பின் பால் பென்பீல்டு என்னும் ஒப்பந்தக்காரரைக் கொண்டு கட்டப்பட்டது. லாலி வந்தபோது அது இல்லை. வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலையில் அந்த மதிலின் எஞ்சிய பகுதிமேல் அமைந்த மாடிப் பூங்காவில் ஏறி நிற்பவருக்கு, தெருமட்டத்துக்கு மேலே ஓர் ஆள் உயரம் ஏறினாலே பார்வை எவ்வளவு விரிகிறது என்பதும், அத்தகைய மேடு எதுவும் இல்லாத 1758ஆம் ஆண்டுக் கருப்பர் நகரம் வடக்கிலும் மேற்கிலும் எவ்வளவு திறந்து கிடந்திருக்கும் என்பதும் ஒருசேர விளங்கும். பக்கிங்காம் கால்வாயும் அந்நாளில் இல்லை; நகரின் மேற்கோரமாகத் தெற்கு நோக்கி ஓடிக் கூவத்தோடு கலந்த எழும்பூர் ஆறு என்னும் சிற்றாற்றின் தடமே பின்னாளில் கால்வாயின் பகுதியாயிற்று. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், துறைமுகம், அதன் கட்டுமானத்தால் மணல் ஏறிக் கிழக்கே தள்ளிப்போன கடற்கரை ஆகிய அனைத்தும் மேசையிலிருந்து அகற்றப்பட வேண்டியவை. இன்றைய ராஜாஜி சாலையை ஒட்டியே அலை அடித்தது. எஞ்சி நிற்பவை மண்ணடியைச் சூழ்ந்த தெருக்கள், தம்புச் செட்டித் தெருவில் உள்ள காளிகாம்பாள் கோயில், அரண்மனைக்காரத் தெருவில் உள்ள கச்சாலீசுவரர் கோயில் போன்றவை.

இந்தத் தெருக்களில்தான் முற்றுகையின் முதல் நாள் கழிந்தது. டிசம்பர் 14 காலையில் பிரெஞ்சுப் படை கருப்பர் நகரத்துக்குள் பெரிய எதிர்ப்பின்றி நுழைந்தது. உள்ளே நுழைந்ததும் வீடுகளும் கடைகளும் கொள்ளையிடப்பட்டன. சாராயக் கிடங்குகள் கிடைத்தன. பலர் நிதானம் இழந்தனர். இச்செய்தி கோட்டைக்கு எட்டியவுடன், கர்னல் வில்லியம் டிரேப்பர் ஏறத்தாழ ஐந்நூறு பேரோடும் இரண்டு பீரங்கிகளோடும், துணையாக மேஜர் பிரெரட்டன் நூறு பேரோடும் புறப்பட்டனர். முற்றுகையிடப்பட்டவர் தாமே வாயிலைத் திறந்து வெளிப்பட்டுத் தாக்குவது முற்றுகைப் போரில் அறியப்பட்ட உத்தி. அதன் பயன் விரைவிலும் எதிர்பாராத தன்மையிலும் உள்ளது. டிரேப்பரின் தாக்குதல் தொடக்கத்தில் வென்றது. தெருவின் குறுக்கே நின்ற பிரெஞ்சுப் பீரங்கிகளை அவர் அடைந்தே விட்டார். ஆனால் பின்னே திரும்பிப் பார்த்தபோது தம்மோடு வந்தோர் சிலரே என்பதைக் கண்டார். ஏனையோர் வீட்டு முகப்புகளிலும் சந்துகளிலும் ஒதுங்கி நின்று சுட்டுக்கொண்டிருந்தனர். பின்வாங்க நேர்ந்தது. ஒவ்வொரு தரப்பும் இருநூறு பேரளவில் இழந்தது. செயின்ட் டேவிட் கோட்டையை ஜூன் மாதம் எதிரியிடம் ஒப்படைத்த பழியைச் சுமந்துகொண்டிருந்த மேஜர் போலியேவும், பிரெஞ்சுத் தரப்பில் சோபினே என்னும் மூத்த அதிகாரியும் இறந்தவர்களுள் அடங்குவர்.

அறுநூறு பேர், இரண்டு பீரங்கி, சில தெருக்கள் என்று நின்றுவிடும் இந்தச் சண்டை மேசைப்போருக்கு மிகவும் ஏற்றது. முப்பது உருவங்கள் ஆங்கிலத் தரப்புக்குப் போதும். ஒரு சுற்று ஐந்து நிமிடத்தைக் குறிக்கும்படி வைத்தால் ஒரு மாலைக்குள் ஆடி முடித்துவிடலாம். இதில் விதி எழுதுபவரின் திறமை இரண்டு இடங்களில் சோதிக்கப்படுகிறது. மேசைப்போரில் மனவுறுதிச் சோதனை என்று ஒன்று உண்டு: ஒரு படைப்பிரிவு இழப்புக்குள்ளாகும்போதோ அச்சத்துக்குரிய கட்டளையைப் பெறும்போதோ பகடை உருட்டி, அது பணிகிறதா, தயங்குகிறதா, ஓடுகிறதா என்று முடிவு செய்வது அது. வெளிநிலப் போருக்கு எழுதப்பட்ட விதிகள், இழப்பு மிகுந்தால் உறுதி குறையும் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. தெருச் சண்டையில் நடப்பது வேறு. ஒதுங்க ஒரு திண்ணையும் ஒரு கதவிடுக்கும் கிடைத்துவிட்டால், இழப்பே இல்லாத வீரனும் முன்னேறும் கட்டளையைக் கேளாதவனாகிவிடுகிறான். மண்ணடியின் குறுக்குச் சந்துகளில், இருபுறமும் நெருங்கிய முகப்புகளுக்கு நடுவே தட்டுவண்டி ஒன்று மட்டும் செல்லக்கூடிய அகலத்தில் நின்று பார்ப்பவருக்கு, இருபது பேர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக முன்னேறுவது அங்கே எவ்வளவு கடினம் என்பதும், ஒதுங்குவது எவ்வளவு எளிது என்பதும் சொல்லாமலே புரியும். ஆகவே தெருவில் ஒதுங்கிய பிரிவுக்கு எதிரியின் குண்டிலிருந்து காப்பு மிகுதியாகவும், மீண்டும் புறப்படும் வாய்ப்புக் குறைவாகவும் விதி அமைய வேண்டும். இரண்டாவது, சாராயம். பிரெஞ்சுப் பிரிவுகளுள் எவை நிதானத்தில் உள்ளன என்பதை லாலியை ஆடுபவரே முன்கூட்டி அறியாதபடி, கட்டளை கொடுத்த பின்னரே நடுவர் பகடை உருட்டி வெளிப்படுத்துவது பொருத்தம்.

கருப்பர் நகரத்தின் தென்விளிம்பில் இன்று என்.எஸ்.சி. போஸ் சாலையும் உயர் நீதிமன்றமும் உள்ளன. கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்தின் பெரும்பகுதி, 1746 முதல் 1749 வரை சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தபோதே இடிக்கப்பட்டது; எஞ்சியவற்றை, கோட்டைப் பீரங்கிகளின் பார்வைக்குத் தடை இருக்கலாகாது என்று ஆங்கிலேயரே அகற்றினர். அவ்வகையில் 1757இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பூக்கடைப் பகுதியில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் பின்னர் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. மேசையில் கோட்டைக்கு முன்னால் வெற்றுப் பரப்பாக விடப்படும் பகுதி, இவ்வாறு வீடுகளும் கோயிலும் இருந்து அகற்றப்பட்ட இடமாகும். அந்த வெற்றிட எல்லையைக் குறிக்க 1773இல் நடப்பட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தருகே இன்னும் உள்ளது. முற்றுகைக்குப் பிந்தியது ஆயினும், வெளியின் அகலத்தைக் கண்ணால் அளக்க அதுவே நல்ல அடையாளம்.

அந்த வெளியில் ஒரே ஒரு மறைப்பு மட்டும் எஞ்சியிருந்தது. ஆங்கிலேயரின் பழைய இடுகாட்டில் கூர்நுதிக் கோபுரங்களோடு கட்டப்பட்டிருந்த கல்லறைகள், முற்றுகையிட்ட பிரெஞ்சுக்காரருக்குக் கேடயமாயின. போர் முடிந்தபின் அந்தக் கல்லறைகள் அகற்றப்பட்டு, பொறிப்புக் கற்கள் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தின் முற்றத்தில் தளமாகப் பதிக்கப்பட்டன. அந்த இடுகாடு இருந்த முன்னாள் சட்டக் கல்லூரி வளாகத்தில் ஹின்மர்ஸ் என்பவருக்கும், ஆளுநராயிருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டுக்கும் உரிய நினைவுச்சின்னம் உயர்ந்த கூம்போடு எஞ்சி நிற்கிறது. அதன் அடிப்பகுதி எத்தனை பேரை நேர்க்குண்டிலிருந்து மறைக்கும் என்பதை அருகில் சென்று பார்த்தால், இடுகாட்டுப் பகுதிக்கு மேசையில் கடினக் காப்பு என்ற மதிப்பை, அதாவது துப்பாக்கிக் குண்டு துளைக்காத மறைப்பு என்ற மதிப்பை, தயங்காமல் அளிக்கலாம்.  

1759 ஜனவரி தொடக்கத்தில் பிரெஞ்சுப் பீரங்கி மேடைகள் முழங்கத் தொடங்கிய பின் நடந்தது, நாள் கணக்கில் நீளும் மண்வேலை. நேர்க்கோட்டில் வெட்டினால் மதில்மேலிருந்து சுடுபவருக்கு இலக்காகிவிடும் என்பதால், கோணல்மாணலாகப் பதுங்குகுழி வெட்டிக் கடற்கரை மணலில் கோட்டையை நெருங்கினர். உள்ளிருந்து பொறியாளர் ஜான் கால் இரவுதோறும் சேதத்தைச் சீராக்கினார். முற்றுகைக் காலத்தில் கோட்டையிலிருந்து 26,554 பீரங்கிக் குண்டுகளும் 7,502 வெடிகுண்டுகளும் எறியப்பட்டன என்றும், 1,990 கையெறி குண்டுகளும் இரண்டு லட்சம் துப்பாக்கித் தோட்டாக்களும் 1,768 பீப்பாய் வெடிமருந்தும் செலவாயின என்றும் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் கணக்குத் தருகிறார். மேசையில் இதனைச் சுற்றுச் சுற்றாக ஆடுவது சலிப்பூட்டும். ஒரு சுற்றுக்கு ஒரு நாள் என்று வைத்து, பீப்பாய்களையும் காளைகளையும் கூலியாட்களையும் சீட்டுகளாக எண்ணிச் செலவழிக்கும் கணக்காட்டமாக அதனை அமைப்பதே தக்கது. செங்கல்பட்டிலிருந்து கேப்டன் பிரெஸ்டனும், மருதநாயகம் என்று அறியப்படும் யூசுப்கானும் பிரெஞ்சுப் படையின் பின்புறத்தில் உணவு வரத்தை அறுத்துக்கொண்டிருந்ததும், பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் ஆங்கிலப் படை அதிகாரி காலியோடு சேர்ந்து யூசுப்கான் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றதும் அந்தக் கணக்கில்தான் தம் முழு எடையைப் பெறுகின்றன. கோட்டை மதிலை மட்டும் மேசையில் வைப்பவர் யூசுப்கானை வரலாற்றிலிருந்து வெளியேற்றிவிடுகிறார்.

இதே குறை இன்னும் ஆழமாக ஓரிடத்தில் உண்டு. முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியிருந்த நெசவாளர், வணிகர், படகோட்டிகள், கூலியாட்கள் எவருக்கும் வழக்கமான மேசைப்போரில் உருவம் இல்லை. வீடுகள் வெறும் அட்டைப் பெட்டிகளாக, உள்ளே ஒருவரும் இல்லாதனவாக வைக்கப்படுகின்றன. அன்று கொள்ளைபோனது அவர்களுடைய வீடு; பதுங்குகுழி வெட்டியதிலும் மதிலைச் செப்பனிட்டதிலும் அவர்களுடைய கைகளும் உண்டு. தெருவை விட்டு ஓடும் குடும்பங்கள் இரு தரப்பின் நகர்வையும் தடுக்குமாறு விதி செய்வதும், கொள்ளையிடும் படைப்பிரிவு அந்தச் சுற்றில் கட்டளையை இழக்குமாறு செய்வதும் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை. டிசம்பர் 14இன் முடிவைச் சரியாக விளக்குபவை அவையே. எந்த மோதலையும் மேசைக்குக் கொண்டுவரலாம் என்று இதனால் ஆகிவிடாது. 1921இல் புளியந்தோப்பில் ஆலை வேலைநிறுத்தத்தையொட்டி உழைக்கும் மக்களே இரு பிரிவாக மோதிக்கொண்டு, குடிசைகள் எரிந்து, துப்பாக்கிச்சூடும் நிகழ்ந்தது. அந்தக் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கு வாழும்போது அதனைப் பகடைக்கு உட்படுத்துவது தகாது. இரண்டரை நூற்றாண்டுத் தொலைவு, லாலியின் முற்றுகைக்கு அந்த உரிமையை ஓரளவு தருகிறது.

1759 பிப்ரவரி 16 மாலையில் பம்பாயிலிருந்து துணைப்படையோடு ஆறு கப்பல்கள் கடலில் தென்பட்டன. மதிலில் உடைப்பு ஏற்பட்டிருந்தும் அதன் வழியே ஏறுவது இயலாது என்று பிரெஞ்சு அதிகாரிகள் முன்பே கருத்துரைத்திருந்தனர். அன்றிரவே லாலி முற்றுகையை நீக்கி, பீரங்கிகள் பலவற்றையும் காயமுற்றோரையும் விட்டுவிட்டுப் பின்வாங்கினார். மறு ஆண்டு ஜனவரியில் வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியையும் இழந்து, சிறைப்பட்ட அவர் பிரான்சுக்குத் திரும்பி வழக்கை எதிர்கொண்டார். 1766 மே 9 அன்று பாரிசில் அவருடைய தலை வெட்டப்பட்டது. வால்டேர் அவர் பெயரைக் காக்க எழுதினார். 1778இல் தீர்ப்பு நீக்கப்பட்டது.

அந்த வழக்கையொட்டி லாலியும் புஸ்ஸியும் ஒருவர்மீது ஒருவர் குற்றம் சாட்டி எழுதியவற்றில், டிசம்பர் 14ஆம் நாளின் சண்டை ஏட்டின்மேல் மறுபடியும் நடத்தப்பட்டது. டிரேப்பரின் படை கோட்டைக்குத் திரும்பும் வழியில் ஒரு சிறு பாலம் இருந்தது. அதை அடைத்திருந்தால் ஆங்கிலேயர் அனைவரும் சிக்கியிருப்பர் என்றும், கிரியோன் என்னும் அதிகாரி அதற்குப் புறப்பட முயன்றபோது புஸ்ஸியே தடுத்தார் என்றும் லாலி தரப்புக் கூறியது. கட்டளையும் பீரங்கியும் இல்லாமல் முன்னேறுவது முறையன்று என்பது புஸ்ஸி தரப்பின் மறுமொழி. மேசையைச் சுற்றி நிற்பவருக்குப் பாலமும், தளர்ந்து திரும்பும் டிரேப்பரின் முப்பது உருவங்களும், நடுவே உள்ள இடைவெளியும் ஒரே பார்வையில் தெரிவதால், எவரும் புஸ்ஸியைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவர். அதனால் சென்னை முற்றுகையை ஆடும் மேசையில், புஸ்ஸியை ஆடுபவரை வேறோர் அறையில் அமர்த்தி, அவருடைய தெருமுனையிலிருந்து தெரியும் இரண்டு வீட்டு முகப்புகளையும் புகையையும் மட்டும் நடுவர் எழுதிக் காட்டி, பாலத்தை நோக்கி நகர்வதா, நிற்பதா என்ற விடையை ஒரே சுற்றுக்குள் எழுத்தில் பெற வேண்டும். அவர் பீரங்கி கேட்டு ஆள் அனுப்பினால், அந்த ஆள் லாலியைச் சென்றடையும் நேரத்தையும் பகடையாலேயே முடிவு செய்ய வேண்டும்.